மீனுக்குக் கட்டின வண்டி

"தூக்கிவாரிப் போட்டது" என்பதைச் சொற்றொடரில் அமைத்து எழுதச் சொல்லி எத்தனையோ பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் கொடுத்திருக்கிறேன். எனக்கோ அது வேலை நாள்தோறும் காலை எட்டரை மணிக்கு உள்ளபடியே நடந்துகொண்டிருந்தது. எங்கள் பழைய ஜீப் முதலில் என்னைத் தூக்கும், பிறகு வாரும், கடைசியில் போடும். மூன்றாவதில்தான் என் முதுகு போனது.

கிள்ளைக்குக் கிழக்கே ஒரு தொடக்கப்பள்ளியில் நான் ஆசிரியை. வீடு சிதம்பரத்தில். மொத்தம் இரண்டே ஆசிரியர்கள்: தலைமையாசிரியை ஒருவர், நான் ஒருத்தி. பஸ் பெரிய சாலையோடு நின்றுவிடும். அங்கிருந்து நாலு கிலோமீட்டர் வாய்க்கால் கரை. கரையில் ஒரு தரைப்பாலம் உண்டு. ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டால் தரைப்பாலத்தின்மேல் முழங்கால் அளவு தண்ணீர் ஓடும். ஸ்கூட்டரில் போய் இரண்டு தடவை சேற்றில் விழுந்து எழுந்தேன். இரண்டாம் தடவை சேலையும் நானும் ஒரே நிறத்தில் வகுப்புக்குள் நுழைந்ததைப் பார்த்துப் பிள்ளைகள் சிரிக்கவில்லை. பயந்துவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் ஜீப் வந்தது.

அது என் கணவரின் அண்ணன் வைத்திருந்த வண்டி. அவர்கள் கடலூர்ப் பக்கம் கடற்கரை ஊர்க்காரர்கள், மீன்பிடித் தொழில் செய்கிற குடும்பம். ஐஸ் பெட்டியும் வலையும் போட் இன்ஜினும் ஏற்றிக்கொண்டு மணலில் ஓடிய ஜீப் அது. அண்ணன் சின்ன லாரி ஒன்று வாங்கியதும் ஜீப் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தது. ஏற்கெனவே உயரம்தான். என் கணவருக்கு அந்த உயரம் போதவில்லை. அடியில் இரும்புக் கட்டைகள் வைத்து இன்னும் தூக்கி, டயரையும் பெரிதாக மாட்டிக் கொண்டுவந்து நிறுத்தினார். "எப்படி? பட்டையக் கெளப்புதா?" என்று கேட்டார்.

சிரித்துக்கொண்டே ஆமாம் என்றேன். ஜீப்பின் அடியில் வில் மாதிரி வளைத்து ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும் இரும்புத் தகடுகளுக்கும் பட்டை என்றுதான் பெயர் என்பது அப்போது எனக்குத் தெரியாது. அவர் நிஜமாகவே பட்டையைத்தான் கிளப்பியிருந்தார்.

உண்மையைச் சொல்ல வேண்டும். எனக்கு அந்த வண்டி பிடித்திருந்தது. நானே ஓட்டக் கற்றுக்கொண்டேன். தரைப்பாலத்துத் தண்ணீரை இரண்டு பக்கமும் விசிறிக்கொண்டு போகும்போது என்னை நானே மெச்சிக்கொள்வேன். "டீச்சர் லாரி வருது" என்று பிள்ளைகள் கரையோடு ஓடிவருவார்கள். இரண்டு வருஷம் அப்படிப் போயிற்று. மூன்றாம் வருஷம் ஒருநாள் மாலை மணி அடித்ததும் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கப் பார்த்தேன். முடியவில்லை. தலைமையாசிரியையும் சத்துணவு அம்மாவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினார்கள்.

முதுகெலும்பில் தட்டு பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்றார் டாக்டரம்மா. மூன்று மாதம் மருத்துவ விடுப்பு. இரண்டு மாதம் போனதும் என்னைக் குனியச் சொல்லி, நிமிரச் சொல்லிப் பார்த்தார். "வேலைக்குப் போலாம். ஆனா குலுங்கக் கூடாது. அந்த ரோடு, அந்த வண்டின்னா வேணாம். டிரான்ஸ்ஃபர் கேளுங்க" என்றார்.

மாறுதல் விண்ணப்பத்தை எழுதினேன். கையெழுத்து மட்டும் போடாமல் ஃபிரிட்ஜின் மேல் வைத்தேன். எனக்கு முன்னால் அந்தப் பள்ளியில் இரண்டாவது இடம் வெகுநாள் காலியாகக் கிடந்தது. போட்டவர்கள் வரமாட்டார்கள், வந்தவர்கள் தங்கமாட்டார்கள். தலைமையாசிரியை ஒருவரே ஐந்து வகுப்பையும் ஒரே அறையில் உட்கார வைத்துச் சமாளித்திருக்கிறார். நான் போனால் மறுபடியும் அந்தக் கதைதான். மூன்றாம் வகுப்பில் எழுத்துக் கூட்டிப் படிக்க அப்போதுதான் ஆரம்பித்திருந்தார்கள். அவர்களை விட்டுவிட்டு டவுன் பள்ளியில் போய் உட்கார எனக்கு மனசு வரவில்லை. விடுப்பில் மிச்சம் ஒரு மாதம். அதற்குள் என்னைக் குலுக்காமல் அந்த வண்டி தரைப்பாலத்தைத் தாண்ட வேண்டும். உயரத்தைக் குறைத்தால் தண்ணீரில் நின்றுவிடும். குறைக்காவிட்டால் நான் நின்றுவிடுவேன்.

முதலில் களத்தில் இறங்கியவன் என் தம்பி. என் பிறந்த வீடு குறிஞ்சிப்பாடிப் பக்கம், விவசாயக் குடும்பம். அவன் டிராக்டர் பழுது பார்க்கிறான். உலகத்தில் எந்த வண்டியைக் காட்டினாலும் அவன் கண்ணுக்கு அது டிராக்டர்தான்.

"டிராக்டர்ல ஸ்பிரிங் எங்கக்கா இருக்குது? டயரு, அத வுட்டா சீட்டு. அப்பா எத்தினி வருஷம் ஓட்டுனாரு, முதுகு வலின்னு சொல்லியிருப்பாரா?"

"அப்பா எதத்தான்டா வலின்னு சொன்னாரு?" என்றேன்.

அவன் அதைக் காதில் வாங்கவில்லை. ஜீப்பின் ஓட்டுநர் இருக்கையைக் கழற்றிவிட்டு, அடியில் தடித்த சுருள் வைத்த டிராக்டர் இருக்கை ஒன்றைப் பொருத்தினான். தெருவை ஒரு சுற்று சுற்றினேன். முதல் பள்ளத்தில் இருக்கை கீழே போயிற்று. இரண்டாவது பள்ளத்தில் நான் மேலே போனேன். கூரைக் கம்பியில் தலை இடித்து, கண்ணுக்குள் மின்னல் வெட்டியது. திரும்பி வந்ததும் தம்பி ஆவலாகக் கேட்டான். "எப்படிக்கா?"

"பரவால்லடா" என்றேன்.

அடுத்தது என் கணவரின் முறை. மச்சானுடைய டிராக்டர் புத்தியைக் கிண்டல் செய்துகொண்டே அந்த இருக்கையைக் கழற்றினார். அவர் வேலை செய்வது செம்மங்குப்பத்தில் ஒரு கெமிக்கல் தொழிற்சாலையில். ஆனாலும் புத்தி என்னவோ கடலில்தான் இருக்கும்.

"காலியா போற போட்டு அலையில குதிக்கும். வலையும் ஐஸும் ஏத்திப் பாரு, அம்முன்னு நிக்கும். அதான் விஷயம், வேற ஒண்ணுமில்ல" என்றார். ஆறு மணல் மூட்டைகளைக் கட்டி வண்டியின் பின்னால் அடுக்கினார்.

"தரையில படகு ஓட்றாரு எங்க மாமா" என்று தம்பி என் காதில் சொன்னான்.

ஆனால் வண்டி நிஜமாகவே அடங்கிவிட்டது. சிதம்பரத்திலிருந்து கிள்ளை வரை நான் ஓட்ட, தார் ரோட்டில் தொட்டில் மாதிரி போயிற்று. இருந்தும் முதுகின் அடியில் ஒரு முள் குத்திக்கொண்டேதான் வந்தது. "எப்படி?" என்றார். அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். "பரவால்ல மாமா" என்றேன்.

அது ஒரு சனிக்கிழமை. முந்தின நாள் மழை பெய்திருந்தது. வாய்க்கால் கரையில் ஏறியதும் அவர்தான் ஓட்டினார். தரைப்பாலம் தாண்டி நூறடி போயிருப்போம். பின் சக்கரங்கள் இரண்டும் சேற்றில் உட்கார்ந்துவிட்டன. ஆறு மூட்டை மணலின் பாரம் வேறு. முன்னும் பின்னும் உலுக்கினார். வண்டி இன்னும் ஆழமாகப் போனது. ஒவ்வொரு உலுக்கலுக்கும் நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். பக்கத்தில் நூறு நாள் வேலையில் இருந்த பெண்கள் கூடையும் மண்வெட்டியுமாக ஓடிவந்தார்கள். எல்லாரும் என்னிடம் படிக்கிற பிள்ளைகளின் அம்மாக்கள்.

"எங்க ரோட்டுக்கு மணலு கொண்டாந்தீங்களா டீச்சர்?" என்றாள் ஒருத்தி. மூட்டைகளை இறக்கி, அவிழ்த்து, பள்ளங்களில் கொட்டி மிதித்துவிட்டார்கள். பிறகு எல்லாருமாகச் சேர்ந்து வண்டியைத் தள்ளினார்கள். என்னை ஒரு வரப்பில் உட்கார வைத்து, "நீங்க எழுந்திரிக்காதீங்க, நாங்க பாத்துக்கறோம்" என்றாள் அவள். "எப்ப டீச்சர் வருவீங்க? எங்க பொண்ணு ரெண்டு பாடத்த மனப்பாடம் பண்ணி வச்சிருக்குது, உங்ககிட்டதான் ஒப்பிப்பாளாம்" என்றும் சொன்னாள். நான் சேற்றைப் பார்த்துக்கொண்டு தலையை ஆட்டினேன்.

அடுத்த இரண்டு நாள் படுக்கையை விட்டு எழவில்லை. மூன்றாம் நாள் சுவரைப் பிடித்துக்கொண்டு போய், ஃபிரிட்ஜின் மேலிருந்த விண்ணப்பத்தை எடுத்துக் கையெழுத்துப் போட்டேன். என் கணவர் பார்த்துக்கொண்டே நின்றார். காகிதத்தை வாங்கி இரண்டாக மடித்தார்.

"ரெண்டு வாரம் குடு. அதுக்குள்ள சரியாவலன்னா நானே கொண்டுபோயிக் குடுத்துட்டு வரேன்" என்றார்.

அவர் தொழிற்சாலைக்குச் சரக்கு ஏற்ற வரும் லாரி ஓட்டுநர் ஒருவர்தான் அந்தப் பட்டறையைச் சொல்லியிருக்கிறார். திருப்பாதிரிப்புலியூரில், மார்க்கெட்டுக்குப் பின்னால். லாரிகளுக்குப் பட்டை அடிக்கிற இடம். கணவர் ஜீப்பை ஓட்டிக்கொண்டு போனார். நான் ரயிலில் போய் இறங்கினேன். பட்டறைக்காரருக்கு என் வயதுதான் இருக்கும். எல்லாரும் அவரைப் பாய் என்று கூப்பிட்டார்கள். கணவர் எல்லாக் கதையையும் முன்பே அவரிடம் சொல்லியிருந்தார். வண்டிக்கு அடியில் படுப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் எனக்கு ஒரு ஸ்டூலைப் போட்டுவிட்டு எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"ஓட்றது நீங்கதானே டீச்சரம்மா? எப்ப வலிக்குது? பள்ளத்துல எறங்கும்போதா, ஏறும்போதா?"

"ரெண்டுலயும்தான். இப்ப பரவால்ல" என்றேன்.

"மணல் மூட்ட வச்சப்ப?"

"அப்ப கொஞ்சம் பரவால்ல."

"டிராக்டர் சீட்டு?"

"அது… பரவால்ல."

அவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். "தப்பா நெனச்சுக்காதீங்க. பரவால்ல பரவால்லன்னா நான் எதைன்னு முடுக்கறது? அந்த வார்த்தைக்கு என்கிட்ட ஸ்பானர் இல்ல."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வகுப்பில் நான் பிள்ளைகளைக் கேட்பதைப் போல அவர் என்னைக் கேட்டுவிட்டார். ஆனால் யோசித்துப் பார்த்தால், நான் சொன்ன அத்தனை பரவாயில்லையும் ஒரே மாதிரியானது இல்லை. தம்பியிடம் சொன்னது அவன் முகம் வாடக் கூடாது என்பதற்காக. கணவரிடம் சொன்னது பாதி உண்மை, பாதி ஆசை. டாக்டரம்மாவிடம்கூட முதல் தடவை பரவாயில்லை என்றுதான் சொன்னேன். அவர் என்னைக் குனியச் சொன்ன பிறகுதான் குட்டு வெளிப்பட்டது. எங்கள் அப்பா ஆஸ்பத்திரிக் கட்டிலில் மூக்கில் குழாயோடு கிடந்தபோதும் பார்க்க வந்தவர்களிடம் அதையேதான் சொன்னார். நன்றாக இருக்கிறது என்பதற்கும், பொறுத்துக்கொள்கிறேன் என்பதற்கும், என்னை விட்டுவிடுங்கள் என்பதற்கும் எங்களிடம் இருப்பது ஒரே வார்த்தை. அந்த வார்த்தையை நம்பித்தான் இரண்டு ஆம்பிளைகள் இத்தனை நாள் வண்டியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை.

சொன்னேன். பள்ளத்தில் இறங்கும்போது இடுப்பில் ஒரு குத்து. அது தாங்கக்கூடியதுதான். ஏறி வெளியே வந்ததும் வண்டி மேலே எழும்பும், எழும்பிய இடத்தில் யாரோ பிடித்து நிறுத்தியது மாதிரி வெடுக்கென்று ஓர் இழுப்பு. அந்த இழுப்பு முதுகில் ஆரம்பித்து இடது தொடை வழியாகக் கட்டைவிரல் வரை போகும். சில நாள் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்த பிறகும் இறங்காமல், கால் உணர்ச்சி திரும்பும் வரை உட்கார்ந்திருப்பேன். பிள்ளைகள் கேட்டால் போன் பேசுகிறேன் என்பேன். முதல் வருஷத்திலிருந்தே இருக்கிறது. ஒவ்வொரு நாளும் இருக்கிறது.

என் கணவர் பின்னால் நின்றுகொண்டிருந்தார். டீ வாங்கி வருகிறேன் என்று வெளியே போனார். வெகுநேரம் கழித்துக் கையில் டீ இல்லாமல் திரும்பி வந்தார்.

பாய் ஒரே தாவலில் எழுந்தார். "அப்டி சொல்லுங்க!" என்று ஜீப்பின் அடியில் புகுந்தார். டார்ச் அடித்து எங்களையும் குனிந்து பார்க்கச் சொன்னார். நான் குனியக் கூடாது என்பது ஞாபகம் வந்து, செல்போனில் படம் எடுத்துக் காட்டினார். "வண்டியத் தூக்குனாரு உங்க வீட்டுக்காரரு, குலுக்கல அடக்கற ஷாக் அப்சர்பர மாத்தல. வண்டி மேல போயிட்டுது, ஷாக்கு பழைய நீளத்துலயே நிக்குது. சக்கரம் கொஞ்சம் தொங்குனா போதும், ஷாக்கு முழுசா நீண்டு டக்குனு நிக்கும். அந்த டக்குதான் உங்க முதுகு. பட்டையும் ஜாஸ்தி. ஐஸ் பொட்டிய ஏத்தறதுக்குக் கட்டினது இது. காலியா ஓட்டுனா கட்ட மாதிரிதான் இருக்கும். இது மீனுக்குக் கட்டின வண்டி, டீச்சருக்குக் கட்டினது இல்ல." பிறகு டயரில் ஒரு தட்டுத் தட்டினார். "இதென்னா டயரா, தேங்காயா?"

பாரம் ஏற்றும் காலத்தில் அண்ணன் எவ்வளவு காற்று அடித்தாரோ, அவ்வளவையே என் கணவரும் அடித்துக்கொண்டிருந்தார். டயர் கல்லு மாதிரி இருந்தால்தான் வண்டியை நன்றாக வைத்திருக்கிறோம் என்று அர்த்தம், அவர்கள் வீட்டில். பாய் வால்வை அழுத்தினார். அந்தக் காற்று இறங்கிய சத்தத்தைக் கேட்டதும் எனக்கே மூச்சு விட்ட மாதிரி இருந்தது.

ஜீப்பை அங்கேயே விட்டுவிட்டு இரண்டு பேரும் ரயிலில் திரும்பினோம். புதுச்சத்திரம் தாண்டும் வரை அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

"மொத வருஷத்துலேர்ந்தா?" என்றார்.

"ம்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"ஆசையா தூக்கிட்டு வந்து நிறுத்துனீங்க. எப்படிச் சொல்றது?"

"கட்டைய வச்சது நானு" என்றார். அவர் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். கிள்ளையில் நிறையப் பேர் ஏறினார்கள். அப்போதும் அவர் கையை எடுத்துக்கொள்ளவில்லை.

பட்டறையில் பத்து நாள் வேலை நடந்தது. கணவர் வைத்த இரும்புக் கட்டைகள் வெளியே வந்தன. பின்பக்கம் ஒவ்வொரு கட்டிலிருந்தும் மூன்று பட்டைகளை உருவினார்கள். மிச்சத்தை உலையில் காய்ச்சி, அடித்து, முன்பைவிட அதிகமாக வளைத்தார்கள். பட்டை குறைந்தும் உயரம் அதிகம் குறையாததற்கு அந்த வளைவுதான் காரணம் என்றார் பாய். இரும்பும் இரும்பும் உரசாமல் நழுவ இடையில் நைலான் துண்டுகள் வைத்தார். பட்டைகளின் முனையில் காய்ந்து வெடித்திருந்த ரப்பர் புஷ்களை எல்லாம் மாற்றினார். புது உயரத்துக்கு ஏற்ற நீளமான ஷாக் அப்சர்பர் கடலூரில் கிடைக்கவில்லை. புதுச்சேரியிலிருந்து வர வேண்டியிருந்தது.

ஒருநாள் பட்டறை வேலையைப் பார்த்துவிட்டுத் திரும்பும் ரயிலில் என் கணவர் தம்பிக்குப் போன் செய்தார். ஜன்னல் சத்தத்தில் கத்திப் பேசினார். "மூணு பட்டையையும் எடுத்தாச்சு மச்சான்! அத எடுத்தப்புறம்தான் நல்லாருக்குது. சும்மா பாரம்!" எதிர் இருக்கையில் நெற்றி நிறையத் திருநீறு பூசியிருந்த பெரியவர் ஒருவர் எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு வேறு இடம் தேடி எழுந்து போனார். அவரிடம் போய் ஜீப்பை விளக்கவா முடியும்? சிதம்பரம் வரும் வரை நான் முந்தானையை வாயில் வைத்து அடக்கிக்கொண்டு வந்தேன். இரண்டு மாதத்தில் முதல் தடவையாகச் சிரித்து முதுகு வலித்தது. அந்த வலிக்கு மட்டும் நான் யாரிடமும் புகார் சொல்லவில்லை.

உருவிய ஆறு பட்டைகளையும் தம்பி வந்து எடுத்துப் போனான். டிராக்டர் இருக்கை விஷயத்தில் அவனிடம் உண்மையைச் சொன்னேன், தலை வீங்கியதையும் சேர்த்து. கொஞ்ச நேரம் முறைத்தான். "அன்னிக்கே சொல்லியிருந்தா நானே உன்ன பாய்கிட்ட கூட்டியாந்திருப்பேன்ல?" என்றான். பிறகு ஒரு பட்டையில் அருமையான அரிவாள் ஒன்று அடித்துக்கொண்டு வந்து கொடுத்தான். இப்போது எங்கள் வீட்டில் தேங்காய் உரிக்க அதுதான்.

சோதனை ஓட்டத்துக்கு நான்தான் மதிப்பெண் போட வேண்டும் என்று பாய் சொல்லிவிட்டார். திருப்பாதிரிப்புலியூர்ச் சந்துகளில் அவர் ஓட்ட, நான் பக்கத்தில் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்தேன். புது ஷாக் வராத அன்று வண்டி மெத்து மெத்தென்று ஆடி வயிற்றைப் புரட்டியது. நாற்பது போட்டேன். ஷாக் மாட்டிய அன்று எழுபது.

"மீதி முப்பது எங்க போச்சு?" என்றார்.

"முன்னால லேசா இடிக்குது. வலது பக்கம்."

முன் டயரில் இன்னும் கொஞ்சம் காற்றைக் குறைத்தார். வலது பக்கப் புஷ் ஒன்றை மறுபடியும் கழற்றி மாட்டினார். எண்பத்தைந்து ஆயிற்று. "மீதி பதினஞ்சுக்கு ரோடு போட்டவங்களத்தான் கேக்கணும் டீச்சரம்மா" என்றார். வண்டியை அளந்தபோது முன்பு இருந்ததைவிட இரண்டு விரல் உயரம் மட்டும் குறைந்திருந்தது. அந்த இரண்டு விரலும் என் கணவரின் வீம்புக்குச் சேர்ந்தவை. தண்ணீருக்கு அவை தேவைப்படவில்லை.

டாக்டரம்மாவை வண்டியில் ஏற்றி ஒரு சுற்று கூட்டிப் போகலாமா என்று கணவர் விளையாட்டாகக் கேட்டார். நான் நிஜமாகவே கூப்பிட்டேன். அவர் சிரித்துவிட்டு, "ஒரு வாரம் ஓட்டிப் பாருங்க. வலி வந்தா அன்னிக்கே நிறுத்திடணும். மறைக்கக் கூடாது" என்றார். இடுப்புக்கு ஒரு பெல்ட் எழுதிக் கொடுத்தார்.

விடுப்பு முடிந்த மறுநாள் திங்கட்கிழமை. ஞாயிறு பூராவும் மழை. கூட வருகிறேன் என்றார் கணவர். வேண்டாம், தினமும் உங்களால் வர முடியாது, முதல் நாளே பழக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவர் விடியற்காலையிலேயே பஸ் ஏறிச் செம்மங்குப்பம் போய்விட்டார். எட்டு மணிக்கு நான் கிளம்பினேன். கிள்ளை வரை என் முதுகு எனக்குள் எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டே ஓட்டினேன். வாய்க்கால் கரையில் ஏறியதும் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டேன். முதல் பள்ளம் வந்தது. வண்டி இறங்கியது, ஏறியது. அந்த இழுப்புக்காகப் பல்லைக் கடித்துக் காத்திருந்தேன். வரவில்லை. அடுத்த பள்ளத்திலும் வரவில்லை. தரைப்பாலத்தில் தண்ணீர் முழங்காலுக்குக் கீழேதான் ஓடியது. முதல் கியரில் நிதானமாகத் தாண்டினேன். அக்கரையில் மணல் கொட்டிய இடம் இறுகிப்போய் நல்ல பாதையாக இருந்தது. கொட்டிய பெண்களை மனசுக்குள் ஒவ்வொருத்தியாகப் பெயர் சொல்லிக் கும்பிட்டேன். கண் கலங்கியதால் அந்த இடத்தில் கொஞ்சம் மெதுவாகத்தான் போக வேண்டியிருந்தது.

பள்ளிக்கூட வாசலில் நிறுத்தி இறங்கி நின்ற பிறகுதான் கவனித்தேன். ஒரு கையில் பை, மற்றொரு கையில் டிஃபன் கூடை. கதவைப் பிடிக்காமல் இறங்கியிருக்கிறேன். பிள்ளைகள் நான்கு பக்கமும் சூழ்ந்துகொண்டார்கள். ஒரு சிறுமி என் சேலையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே பாடத்தை ஒப்பிக்க ஆரம்பித்தாள். இரு, இரு என்று சொல்லிவிட்டுக் கணவருக்குப் போன் செய்தேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

"வந்து சேந்துட்டேன் மாமா."

"வலி?"

"இல்ல."

"நெசமா சொல்லு."

"முதுகுல ஒண்ணுமில்ல. தொடையில இல்ல. பிரேக்க அழுத்தி அழுத்தி வலது முட்டி மட்டும் லேசா வலிக்குது. நூத்துக்குத் தொண்ணூறு."

அவர் மூச்சு விடுவது கேட்டது. "அப்ப இந்தப் பேப்பரக் கிழிச்சிடவா?"

"கிழிச்சிடுங்க."

காகிதம் கிழியும் சத்தம் கேட்டது. அதற்குப் பின்னால் லாரிகளின் ஹாரன் சத்தம். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தத் தொழிற்சாலைக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள். வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். அவருக்கு ஷிப்ட் எட்டு மணிக்கு. இப்போது மணி ஒன்பது அடிக்கப் போகிறது.

"நீங்க இன்னும் உள்ள போவலியா?"

"போவணும்."

"ஒரு மணி நேரமா கேட்டுலயா நிக்கிறீங்க? இன்னிக்கு அரை நாள் லீவுல்ல ஆயிடும்?"

"நீ வலிக்குதுன்னு சொன்னா ஓடியாரணும்ல" என்றார். "உள்ள போயிட்டா எனக்கு எப்படித் தெரியும்?"

பிள்ளைகள் பார்க்கிறார்கள் என்று முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டேன். "ஒண்ணுமில்ல மாமா. உள்ள போங்க" என்றேன். "சரி, போறேன்" என்றார். சொல்லிவிட்டும் போனை வைக்காமல் நின்றுகொண்டிருந்தார். தலைமையாசிரியை மணியடிக்க வந்ததால் நான்தான் வைத்தேன்.